கடலூரில் ஒரே ஒரு யு-1

இளவரசுவுக்குச் சந்தேகம் பிறவிக் குணம். காஸ் சிலிண்டர் வந்தால் சீலைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். பால் பாக்கெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பான். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோ ஏறினால், பக்கத்தில் இருப்பவர் கொட்டாவி விட்டால்கூட அது எதற்காக இருக்கும் என்று யோசிப்பான். கல்யாணத்துக்கு முன்னால் பெண் வீட்டாரைப் பற்றி நாலு ஊரில் விசாரித்த ஆள். "என்னைப் பத்தின விசாரணை முடிஞ்சிதா, இல்ல இன்னும் நடந்துகினு இருக்குதா?" என்று அவன் மனைவி லோகநாயகி அடிக்கடி கேட்பாள். அவன் சிரிக்க மாட்டான். இவள் எதற்கு இதைக் கேட்கிறாள் என்று அதையும் யோசிக்கத் தொடங்கிவிடுவான்.

அப்படிப்பட்டவனுக்குத் தோதான வேலைதான் அமைந்தது. ஒரு கல்வி அறக்கட்டளையின் சிதம்பரம் தலைமை அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பிரிவு. அறக்கட்டளைக்குக் கடலூர் முதுநகரில் ஒரு பாலிடெக்னிக், மங்கலம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடம். எல்லா ஊழியர்களுடைய பெயரும், பாஸ்வேர்டும், யார் எந்தக் கோப்பைத் திறக்கலாம் என்கிற உரிமையும் சிதம்பரத்தில் இருந்த ஒரே சர்வரில் இருந்தன. டைரக்டரி சர்வர் என்பார்கள். வாசலில் உட்கார்ந்து ஆளைப் பார்த்து உள்ளே விடுகிற வாட்ச்மேன் உத்தியோகம்தான் அதற்கு. கடலூரில் ஒருவர் பாஸ்வேர்டு போட்டால் இங்கே ஓர் இணைப்பு திறக்கும். அவர் முடித்தால் மூடும். யார் வந்தார், எதைக் கேட்டார், எப்போது மூடியது என்று சர்வர் தானாகவே லாக் எழுதிக்கொண்டிருக்கும். மூடுகிற ஒவ்வொரு வரியின் வாலிலும் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் ஒட்டிக்கொண்டிருக்கும். யு-1, பி-1, டி-1 என்று. ஊரையே சந்தேகப்பட்ட இளவரசு அந்த வாலை மட்டும் ஒருநாளும் நீ யார் என்று கேட்டதில்லை.

வம்பு இரண்டாயிரத்துப் பதினொன்றாம் வருஷம் ஆனி மாதத்தில் வந்தது. பாலிடெக்னிக்கில் லேப் அசிஸ்டெண்ட் வேலை ஒன்று காலியானது. இருந்தது ஓரிடம், வந்த விண்ணப்பமோ மூட்டை மூட்டையாக. அறக்கட்டளையே எழுத்துத் தேர்வு வைத்தது. தேர்வுக்கு முதல் நாள், முதுநகரில் ஒரு ஜெராக்ஸ் கடைக் குப்பைக்கூடையில் வினாத்தாள் கசங்கிக் கிடந்தது. அதை எடுத்த புண்ணியவான் நேரே கொண்டுவந்து அறக்கட்டளைச் செயலாளர் ராமாமிர்தத்தின் மேஜையில் வைத்துவிட்டார். தேர்வு நின்றது.

அந்த வினாத்தாள் கம்ப்யூட்டரில் இருந்தது ஒரே ஒரு வியாழக்கிழமை ராத்திரிதான். சாயங்காலம் டைப் அடித்து முடித்தார்கள், வெள்ளிக்கிழமை காலையில் சீல் வைத்து சிதம்பரத்துக்கு அனுப்பிவிட்டுக் கோப்பை அழித்துவிட்டார்கள். திறக்க உரிமை இருந்தது மூன்று பேருக்கு. பிரின்சிபால் அன்று ஊரிலேயே இல்லை. மற்ற இருவரில் ஒருவர் கண்காணிப்பாளர் கொளஞ்சியப்பன். இன்னொருத்தி டைப் அடித்த ஆபரேட்டர் ஜெயராணி.

ஜெயராணியின் தம்பி அன்புமணி அந்த வேலைக்கு விண்ணப்பம் போட்டிருந்தான். கொளஞ்சியப்பனின் மகன் தில்லைவேந்தனும்தான் போட்டிருந்தான். ஆனால் அலுவலகத்தில் எல்லோர் வாயிலும் அடிபட்டது அன்புமணியின் பெயர்தான். ஜெயராணியின் அப்பா ராஜவேல் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அந்தக் குடும்பத்தில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்த முதல் ஆள் இந்தப் பெண். அவள் கழுத்தில் சிலுவை போட்ட சங்கிலி, டைப் அடிக்கும் வேகம், கணீரென்று பேசுவது எல்லாமே சில பேருக்கு முன்பிருந்தே கண்ணை உறுத்திக்கொண்டிருந்தன.

செயலாளர் இளவரசுவைக் கூப்பிட்டார். "தம்பி, கதையெல்லாம் வேணாம். வியாழக்கிழமை சாயங்காலம் கடலூர் ஆபீஸ்ல கடைசியா யாரு இருந்தா? அத மட்டும் சொல்லு."

இளவரசு லாக்கை எடுத்தான். மூடிய நேரப்படி வரிசைப்படுத்தினான். எல்லாவற்றுக்கும் மேலே நின்றது ஜெயராணியின் பெயர். இணைப்பு மூடியது இரவு எட்டு மணி சுமாருக்கு. அவளோ ஆறு மணிக்கே கிளம்பிவிட்டேன் என்று எழுதிக் கொடுத்திருந்தாள். பொய்! அவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. பெயரையும் நேரத்தையும் மட்டும் பிரிண்ட் எடுத்தான். வாலில் இருந்த எழுத்தும் எண்ணும் பார்ப்பவர்களைக் குழப்பும் என்று அதை வெட்டிவிட்டான். அந்த வரிக்குக் கீழே இன்னொரு வரியும் இருந்தது. அதை அவன் பார்க்கவில்லை என்று நான் சொன்னால் அது சுத்தப் புளுகு. பார்த்தான், பெயரையும் படித்தான், ஏதோ வேலையாக வந்திருப்பார் என்று நினைத்து விட்டுவிட்டான். செயலாளர் கேட்டது கடைசி ஆளைத்தானே!

அன்று சாயங்காலமே கொளஞ்சியப்பன் போன் செய்தார். அவர் இளவரசுவுக்குத் தாய்மாமன். அப்பா இல்லாத பிள்ளையைத் தன் வீட்டில் வைத்துப் படிக்க வைத்தவர், இந்த வேலைக்கும் சொல்லிச் சேர்த்துவிட்டவர்.

"என்னாடா இளவரசு, லாக்குல என்னா வருது?"

"ஜெயராணி எட்டு மணி வரைக்கும் இருந்திருக்கு மாமா."

"அப்டியா சங்கதி! நான் அஞ்சு மணிக்கே கிளம்பிட்டேன், எனக்கு எங்க தெரியப்போவுது? அவுங்களுக்கெல்லாம் ஜாஸ்தி எடம் குடுத்தா இப்டித்தான்டா ஆவும்" என்றார் மாமா. இளவரசு போனைப் பிடித்துக்கொண்டே தலையை ஆட்டினான்.

மறுநாள் ஜெயராணியை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். அடுத்த திங்கட்கிழமை சிதம்பரத்தில் விசாரணை. குற்றம் உறுதியானால் வேலை போகும், போலீசுக்கும் போகும் என்று செயலாளர் சொல்லிவிட்டார். அவள் இளவரசுவுக்குப் போன் செய்தாள்.

"சார், சத்தியமா ஆறு மணிக்கு நான் பஸ் ஏறிட்டேன் சார்."

"டிக்கெட் வச்சிருக்கீங்களா?"

"டவுன் பஸ் டிக்கெட்ட யாரு சார் எடுத்து வச்சிருப்பா?"

"அப்ப சர்வர் பொய் சொல்லுதுங்கறீங்களா?"

அவள் பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டாள். குற்றமுள்ள நெஞ்சு, அதான் வாயடைத்துப் போய்விட்டது என்று அவன் முடிவு கட்டினான். என்ன மனுஷன்!

இதற்கு நடுவில் லோகநாயகிக்கு ஒரு வேண்டுதல். திருவதிகைக்குப் போய் அர்ச்சனை செய்ய வேண்டும். லீவு கேட்டால் ஏன் எதற்கு என்பார்கள் என்று இளவரசு லீவே கேட்கவில்லை. மத்தியானம் சாப்பாட்டு வேளையில் கம்ப்யூட்டரைத் திறந்தபடி போட்டு, பாதி குடித்த டீ கிளாசைப் பக்கத்தில் வைத்து, பேனாவின் மூடியைக் கழற்றிக் காகிதத்தின் மேல் கிடத்தினான். யாராவது எட்டிப் பார்த்தால் ஆள் பாத்ரூம் போயிருக்கிறான் என்று நினைப்பார்கள். அந்த ஏற்பாட்டை எல்லாம் செய்துவிட்டு மனைவியோடு பண்ருட்டி பஸ் ஏறிவிட்டான். வீரட்டானேஸ்வரர் சன்னதியில் கண்ணை மூடி நின்றபோதும் வெளியே விட்ட செருப்பின் நினைப்புதான்.

மறுநாள் காலையில் வந்ததும் முதல் வேலையாக லாக்கில் தன் பெயரைத் தேடினான். தினமும் தேடுவான். தன் பாஸ்வேர்டை யாராவது திருடிவிட்டார்களோ என்கிற பயம். தேடியவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவன் கிளம்பி இரண்டு மணி நேரத்துக்கு மேல் கழித்துத்தான் அவனுடைய இணைப்பு மூடியிருந்தது. அப்படியென்றால் யாரோ அவன் நாற்காலியில் உட்கார்ந்து அதை மூடியிருக்கிறார்கள்! ஆபீஸ் அட்டெண்டர் பக்கிரியைக் கூப்பிட்டான்.

"நேத்து மத்தியானம் என் ரூமுக்கு யாரு வந்தது?"

"யாரும் வர்ல சார்."

"நீ வந்தியா?"

"டீ கிளாசு எடுக்க வந்தேன். ஈ மொய்ச்சிகினு கெடந்துச்சி."

"கம்ப்யூட்டர்ல கை வச்சியா? உண்மைய சொல்லு."

பக்கிரிக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னா சார் நீங்க! நீங்க அந்தாண்ட போனீங்க, இந்தாண்ட கரெண்டு பூட்ச்சி. ரூமே இருட்டு. செத்த மிஷினு முன்னாடி உக்காந்து நான் இன்னா பண்ணப்போறேன்?" என்று சொல்லிவிட்டுக் கிளாசைக் கழுவப் போனான்.

அது நிஜம்தான். மின்வெட்டு தினமும் இருக்கிற காலம் அது. சர்வருக்கு மட்டும்தான் யுபிஎஸ். இளவரசுவின் கம்ப்யூட்டர் கரெண்ட் போனால் போனதுதான், யாராவது பொத்தானை அமுக்கினால்தான் திரும்ப எழும். அப்படியானால் செத்துக் கிடந்த மிஷின் அவ்வளவு நேரம் எப்படி சர்வரோடு இணைந்திருந்தது? முதல் தடவையாக அவன் அந்த வரியின் வாலைப் பார்த்தான். டி-1 என்று இருந்தது. வியாழக்கிழமை லாக்கைத் திரும்ப எடுத்து ஜெயராணியின் வரிக்குப் போனான். அங்கேயும் டி-1.

சர்வரை அமைத்துக் கொடுத்த புதுச்சேரி கம்பெனிக்குப் போன் போட்டான். அங்கே இன்ஜினியர் அருள்மொழி எடுத்தாள்.

"மூணு வருஷமா லாக் பாக்கறீங்க, இத இப்பதான் கேக்கறீங்களா சார்?" என்று அவள் சிரித்தாள். பிறகு விளக்கினாள். "யு-1 வந்தா, போயிட்டு வரேன்னு முறையா சொல்லிட்டுப் போயிருக்காங்கன்னு அர்த்தம். பி-1, சொல்லாம கொள்ளாம எழுந்து ஓடுறது. புரோகிராம் பாதியில நின்னுட்டா அதான் பெரும்பாலும் வரும். டி-1 வேற சார். அதுல அந்தப் பக்கத்துலேர்ந்து சத்தமே இருக்காது. கரெண்டு போயிட்டா மிஷினால எப்டி சொல்லிட்டுப் போவ முடியும்? ஆளு இன்னும் இருக்காங்கன்னு நெனச்சிகினு சர்வர் காத்துகினு இருக்கும். காத்திருந்து காத்திருந்து, பேச்சு மூச்சு இல்லன்னா அதுவே கதவ சாத்திடும்."

"எவ்ளோ நேரம் காத்திருக்கும்?"

"உங்களுக்கு ரெண்டு மணி நேரம். நீங்கதான சார் அப்டி வைக்கச் சொன்னீங்க?"

"அப்ப எட்டு மணிக்கு டி-1னு மூடியிருந்தா?"

"ஆறு மணிக்கு மேல அந்த மிஷின்லேர்ந்து ஒரு வார்த்த வர்லன்னு அர்த்தம். ஆளு எப்ப போனாங்கன்னு அதுக்குத் தெரியாது. அந்த எட்டு மணி சர்வரோட எட்டு மணி சார், மனுஷரோட எட்டு மணி இல்ல."

போனை வைத்த பிறகு இளவரசு அவளையும் சந்தேகப்பட்டான். தன் கம்பெனி சாமானை விட்டுக்கொடுப்பாளா? கடலூர் வரிகளை மட்டும் ஒரு மாசத்துக்குப் பிரித்து எடுத்தான். பக்கம் பக்கமாக டி-1. அத்தனை பேரும் தினமும் ஏழு, எட்டு மணி வரை ஆபீசில் குந்தியிருந்த மாதிரி ஒரு கணக்கு. அரசாங்க ஆபீசில்கூட அப்படி ஒரு கடமை உணர்ச்சி கிடையாது! எங்கோ ஏதோ கோளாறு, நேரில் பார்க்காமல் நம்பக்கூடாது என்று அந்தக் காகிதங்களைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு சனிக்கிழமை மத்தியானம் கடலூர் பஸ் ஏறினான்.

பாலிடெக்னிக் ஆபீஸ் துறைமுகத்துக்குப் பக்கம். ஜன்னல் கம்பியெல்லாம் உப்புக் காற்றில் துரு. ஆடிட் வேலை என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு மூலையில் உட்கார்ந்து எல்லோரையும் ஓரக்கண்ணால் கவனித்தான். மாமா அன்று லீவு. ஜெயராணியின் நாற்காலியில் யாரோ சாப்பாட்டுப் பையை வைத்திருந்தார்கள். ஆறு மணி நெருங்கியதும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். கம்ப்யூட்டரை ஒருவரும் அணைக்கவில்லை. திரையெல்லாம் எரிந்தபடி இருந்தது. கடைசியாக எழுந்த கிளார்க் ரத்தினம்மாள் முந்தானையைச் செருகிக்கொண்டு வாசலுக்குப் போய், மெயின் சுவிட்சின் கைப்பிடியைப் பிடித்து ஒரே இழு. டப்பென்று ஆபீசே அணைந்தது. விளக்கு, ஃபேன், அத்தனை கம்ப்யூட்டரும்.

"ஐயய்யோ, என்னா பண்றீங்க? மிஷின ஒழுங்கா ஷட்டவுன் பண்றதில்லையா?" இளவரசு பதறிப் போனான்.

"அத யாரு சார் ஒண்ணொண்ணா பண்ணிகினு இருப்பா? உப்புக் காத்துல ஒருதரம் போர்டு தீப்புடிச்சிது இல்ல, அப்பலேர்ந்து கடைசியா போறவுங்க மெயின எறக்கிட்டுத்தான் போவணும்னு சூப்பிரண்டு சாரு ஆர்டர் போட்டாரு. மெயின எறக்கினா எல்லாம் தானா அணையுது. அப்புறம் வேற அணைக்கணுமா?"

"எல்லாரும் இப்டித்தானா?"

"எல்லாரும்தான். சூப்பிரண்டு சாரும் அப்டியே போட்டுட்டுத்தான் போவாரு."

"அந்த வியாழக்கிழம மெயின எறக்குனது யாரு?"

"ஜெயராணிதான். நான் கேட்டாண்ட நின்னுகினு இருந்தேன். ரெண்டு பேரும் ஒண்ணாதான் பஸ் ஏறுனோம்."

"இத ஏன் நீங்க சொல்லல?"

ரத்தினம்மாள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "சொன்னேனே! 'கம்ப்யூட்டரே எழுதி வச்சிருக்கும்மா, நீங்க ஒருத்தருக்கொருத்தர் பரிஞ்சிகினு வராதீங்க'ன்னு பிரின்சிபால் ஐயா வாய அடச்சிட்டாரு. அத எழுதிக் குடுத்தது நீங்கதான சார்?"

அவன் வெளியே வந்தான். எதிரே இருந்த டீக்கடையில் போய் உட்கார்ந்தான். பையிலிருந்த காகிதத்தை எடுத்து விரலை வைத்து வரி வரியாகப் படித்தான். டி-1, டி-1, டி-1. நடுநடுவே இரண்டொரு பி-1. மாசம் முழுக்கப் பார்த்ததில் முறையாகச் சொல்லிக்கொண்டு போனது ஒரே ஒருவர். கடலூரில் ஒரே ஒரு யு-1. அதே வியாழக்கிழமை, ஏழு மணிக்கு மேல் திறந்து, வினாத்தாள் ஃபோல்டருக்கு உரிமை கேட்டு, கொஞ்ச நேரத்தில் பொறுமையாக மூடியிருந்தது. பெயர் கொளஞ்சியப்பன்.

அன்று ஜெயராணியின் வரிக்குக் கீழே இருந்த வரி இதுதான். படித்துவிட்டு, ஏதோ வேலையாக வந்திருப்பார் என்று விட்ட வரி. "அஞ்சு மணிக்கே கிளம்பிட்டேன்" என்று மாமா போனில் சொன்னபோது இதே வரி மண்டைக்குள் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவனுக்குத் தோன்றவே இல்லை. பால் பாக்கெட்டையும் செருப்பையும் சந்தேகப்பட்டவனுக்கு அது தோன்றவில்லை! வெட்கம் பிடுங்கித் தின்றது. டீ ஆறிப்போனது தெரியாமல் உட்கார்ந்திருந்தான்.

மாமா வீடு இரண்டு தெரு தள்ளி. அத்தை தில்லையம்மாள் வாசலிலேயே, "வாடா, இளைச்சிப் போயிட்ட!" என்று உள்ளே இழுத்துப் போய் சூடாகப் பணியாரம் வைத்தாள். அவன் வளர்ந்த வீடு. அவள் அடுப்படிக்குப் போகும் வரை காத்திருந்தான். மாமா ஈசி சேரில் சாய்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, அந்த வியாழக்கிழம ஏழு மணிக்கு நீங்க ஆபீசுக்குப் போனீங்களா?"

"நான்தான் அஞ்சுக்கே கிளம்பிட்டேன்னு சொன்னேனேடா."

இளவரசு காகிதத்தைப் பிரித்து அவர் மடியில் வைத்தான். அந்த ஒற்றை வரியை விரலால் காட்டினான். அவர் கண்ணாடி போடாமலேயே அதைப் பார்த்தார். டிவி சத்தத்தைக் கூட்டினார், அத்தைக்குக் கேட்கக் கூடாதென்று.

"எல்லா நாளும் மிஷின அப்டியே போட்டுட்டுப் போறவரு, அன்னிக்கி மட்டும் ஏன் மாமா மிஷின ஒழுங்கா மூடினீங்க?"

"டப்புன்னு அணைச்சா, மறுநா காலைல மிஷினப் போட்டதும் பாதியில நின்ன ஃபைலு தானா மேல வந்து நிக்கும். எவனாவது பாத்துத் தொலைப்பான். அதான் எல்லாத்தையும் பொறுமையா மூடினேன்." அவர் குரலில் பயமே இல்லை, அதுதான் இளவரசுவைக் கலக்கியது. "உன் மச்சான் தில்லைவேந்தனுக்கு வயசு ஏறிகினே போவுதுடா. எங்க போனாலும் ஆவறதில்ல. கையில இருந்துச்சி, எடுத்தேன். அந்தக் கேணப்பய ஜெராக்ஸ் கடையில தவறவிட்டுட்டு வந்துட்டான்."

"உங்க பேரு லாக்குல வரும்னு தெரியாதா?"

"தெரியாம என்னா? பாக்கப்போறது நீதானேன்னு இருந்தேன்."

அவன் என்ன செய்வான் என்பது அவனுக்கு முன்பே மாமாவுக்குத் தெரிந்திருக்கிறது. அதன்படியே அவனும் செய்திருக்கிறான், சொல்லிவைத்த மாதிரி.

"ஜெயராணிக்கு வேலை பூடும் மாமா. போலீசுக்கும் போவும்."

"அவுங்களுக்கு என்னா, எங்கன்னா ஒண்ணு கெடச்சிடும். நீ எதையும் புதுசா சொல்ல வாணாம்டா. சொன்னது சொன்னதாவே இருக்கட்டும். இந்த வீட்டு சோத்தத் தின்னு வளந்தவன் நீ" என்றார் மாமா. அத்தை மறுபடி பணியாரத்தோடு வந்தாள். வேண்டாம் என்று எழுந்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவன் லோகநாயகியிடம்கூட வாய் திறக்கவில்லை. அவள் இரண்டு தடவை கேட்டுப் பார்த்தாள். மூன்றாம் தடவை பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோது எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். அவள் மாமாவைத் திட்டவில்லை. "அந்தப் பொண்ண மட்டும் எப்டி அவ்ளோ சீக்கிரம் நம்பாம போனீங்க?" என்று கேட்டாள்.

திங்கட்கிழமை விசாரணை. செயலாளர் நடுவில், பக்கத்தில் பிரின்சிபால், இன்னொரு பக்கம் கண்காணிப்பாளர் என்கிற முறையில் கொளஞ்சியப்பன். எதிரே ஜெயராணி தனியாக நின்றாள், நாற்காலி கொடுக்கவில்லை. வெளியே வராந்தாவில் ராஜவேல் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார். இளவரசு உள்ளே வந்ததும் மாமா அவனைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார்.

"நான் குடுத்த கணக்கு தப்புங்க ஐயா" என்றான் இளவரசு. வாலை வெட்டிக் கொடுத்ததைச் சொன்னான். டி-1 என்றால் என்ன, கடலூரில் மெயினை எப்படி இறக்குகிறார்கள், அப்படி இறக்கினால் சர்வர் எப்படி ஏமாந்து காத்திருக்கும் என்று எல்லாவற்றையும் விளக்கினான். நம்பிக்கை வர வேண்டுமென்று திருவதிகைக்குத் திருட்டுத்தனமாகப் போனதையும் சொன்னான். "லாக்குப்படி பாத்தா அன்னிக்கி நானும் ஆபீஸ்லதான் இருந்தேன் ஐயா. ஆனா சாமி சன்னதியில நின்னுகினு இருந்தேன்." அப்புறம் அந்த ஒற்றை யு-1 வரியை மேஜையில் வைத்தான்.

செயலாளர் படித்துவிட்டு மெதுவாகத் தலையைத் திருப்பினார். "ஏங்க, அஞ்சு மணிக்குப் போனதா எழுதிக் குடுத்திருக்கீங்களே?"

கொளஞ்சியப்பன் அவரைப் பார்க்கவில்லை. மருமகனைத்தான் பார்த்தார். "ஒரு எழுத்த வச்சிகினு என்னை நடுத்தெருவுல நிறுத்துறியாடா?"

"அந்த எழுத்தக்கூட பாக்காம இந்தப் பொண்ண நிறுத்த இருந்தோம் மாமா" என்றான் இளவரசு.

மாமாவின் வேலை அன்றோடு போயிற்று. அத்தை போன் செய்து, இனி என் வாசப்படி மிதிக்காதே என்றாள். இளவரசுவின் அம்மா தம்பிக்காக மூன்று வேளை சாப்பிடாமல் கிடந்தாள். அதையெல்லாம் அவன் எதிர்பார்த்தே இருந்தான். எதிர்பார்க்காதது வராந்தாவில் நடந்தது.

ஜெயராணி அப்பாவோடு கிளம்பிக்கொண்டிருந்தாள். அவன் பின்னாலேயே ஓடினான். "ஜெயராணி, மன்னிச்சிடுங்க. சரியா பாக்காம குடுத்துட்டேன்."

அவள் நின்றாள். முகத்தில் நன்றியும் இல்லை, கோபம்கூடப் பெரிதாக இல்லை. "எங்கிட்ட பஸ் டிக்கெட்டு கேட்டீங்க சார். உங்க மாமா அஞ்சு மணிக்குப் போனேன்னு சொன்னப்ப அவருகிட்ட இன்னா கேட்டீங்க?"

ராஜவேல் மகளின் தோளைத் தொட்டு, "வா பாப்பா, பஸ்சு பூடும்" என்றார். இருவரும் படியிறங்கிப் போனார்கள்.

அவள் மறுநாளே வேலைக்குத் திரும்பினாள். கம்ப்யூட்டரை முறையாக அணையுங்கள் என்று இளவரசு கடலூருக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினான். அதை யார் மதித்தார்கள்? அன்று ராத்திரியும் வழக்கம்போல வரிசையாக டி-1 விழுந்தது, ரத்தினம்மாள், மற்றவர்கள் எல்லோரும். ஒரே ஒரு வரி மட்டும் ஆறு மணிக்கே மூடியிருந்தது. ஜெயராணி, யு-1. அதற்கு அடுத்த நாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாளும்.

ஒரு வாரம் பார்த்துவிட்டுப் பொறுக்க முடியாமல் போன் செய்தான். "நீங்க ஒருத்தர்தான் ஒழுங்கா ஷட்டவுன் பண்றீங்க. ரொம்ப நன்றி" என்றான்.

"நன்றியெல்லாம் எதுக்கு சார்? சொல்லிட்டே போயிடறேன். நாளைக்கி நீங்க என்னை எதுவும் கேக்க வேண்டியதில்ல பாருங்க" என்றாள் ஜெயராணி. வைக்கிறேன் என்றுகூடச் சொல்லாமல் போனை வைத்துவிட்டாள்.